இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே ஓர் அருவி

கொல்லத்துத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிக் கிழக்கு நோக்கிப் புறப்படுகிற ஒருவனும், தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி மேற்கு நோக்கிப் புறப்படுகிற ஒருவனும், ஆளுக்கு 60, 70 மைல் வழி கடந்தபின், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் எதிரெதிரே வந்து சேர்வார்கள். அந்த ஊர் தென்காசி. அதற்கு மூன்று நாலு மைலில் குற்றாலம். கப்பல் பிரயாணத்தையும் குற்றாலத்தையும் சேர்த்துப் பேசுவது இன்றைய வாசகர்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்துபோன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, கீழைக் கரையில் காயலையும் மேலைக் கரையில் கொல்லத்தையும் பெரிய துறைகளாக வர்ணித்திருக்கிறார். அந்த இரண்டு கரைகளுக்கும் குறுக்கே நீண்டு கிடக்கிற மலைத்தொடர், பொதிமாடுகளும் மனிதர்களும் நடந்து போகத்தக்கதாக இந்தப் பிரதேசத்தில் இறங்கிக் கொடுக்கிற முக்கியமான இடம் ஆரியங்காவுக் கணவாய். ஆகையால் மிளகுச் சுமையோடு கிழக்கே வந்தவனும், உப்பும் கருவாடும் துணியுமாக மேற்கே போனவனும் குற்றால அருவியின் இரைச்சல் காதில் விழுகிற தூரத்திலேதான் கடந்து போயிருக்க வேண்டும். கையில் சொற்பக் காசோடு, தரகரும் துணையும் இல்லாமல், இந்த வழியிலே வந்து குளித்துக் கும்பிட்டுப் போன அந்தச் சாமானிய மனிதனுடைய சரித்திரத்தைத்தான் இங்கே எழுத எண்ணுகிறேன்; ராஜாக்கள் வந்துபோன விருத்தாந்தம் பலரால் எழுதப்பட்டிருக்கிறது.

கணவாயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவந்து கொடுப்பதே அந்தக் கணவாய்தான். வைகாசிக் கடைசியில் அரபிக்கடலிலிருந்து எழுந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையையெல்லாம் மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டுக் கிழக்கே வெறுங்கையோடு வருவதுதான் வழக்கம். திருநெல்வேலிச் சீமையின் பெரும் பகுதி ஆனி ஆடியில் காய்ந்து கிடப்பதற்கு அதுவே காரணம். செங்கோட்டைக்கு மேற்கே மட்டும் மலை தாழ்ந்து ஒரு வாசல் விட்டிருப்பதனால், அந்த வாசல் வழியாகக் காற்றும் மேகமும் இப்புறம் நுழைந்து, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சைப் பன்னினாற்போல ஒரு தூறலைத் தூவிவிட்டுப் போகின்றன. குடை பிடிக்கவும் மனம் வராது, நனைந்தோம் என்று சொல்லவும் முடியாது. அப்படிப்பட்ட மழை அது. அதே சமயத்தில் மலை உச்சியில் பெய்கிற கனத்த மழை சிற்றாறாகத் திரண்டு, தேனருவி, செண்பகாதேவி அருவி என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் பேரருவியாகக் குதிக்கிறது. பாறையைக் குடைந்து தானே உண்டாக்கிக்கொண்ட பொங்குமாகடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் முதலில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பிறகு அகலமாக வழிந்து வருவதனாலேயே, அத்தனை உயரத்திலிருந்து வருகிற தண்ணீரின் கீழே குழந்தை குட்டிகளும் தலை கொடுக்க முடிகிறது.

இனித் தென்காசிக்கு வருவோம். காசிக்குப் போய் விசுவநாதரைத் தரிசிக்க வேண்டும் என்பது தெற்கத்தியானுக்கு எத்தனை பெரிய ஆசையோ அத்தனை பெரிய செலவு. செலவைவிடப் பெரியது அபாயம். போனவர்களில் பலர் வழியிலேயே உயிர் விட்டார்கள். அப்படி மாண்டுபோகிற அடியார்களுக்காக இரங்கி, காசியைத் தெற்கேயே அமைத்துக் கொடுக்கும்படி இறைவன் பாண்டியன் கனவில் வந்து பணித்ததாகத் தலபுராணம் சொல்லும். கனவை நம்புகிறவர்கள் நம்பலாம்; கல்லை எல்லோரும் நம்பத்தான் வேண்டும். 1446-ஆம் வருஷத்தில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலைத் தொடங்கியதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. பாண்டிய குலம் மதுரையை இழந்து, மலையோரத்துச் சிற்றரசாகச் சுருங்கிப்போன காலம் அது. பெரிய சாம்ராஜ்யமும் பெரிய பொக்கிஷமும் இல்லாத ஓர் அரசன், தன்னிலும் வசதி குறைந்த பிரஜைகளுக்காக, 1,000 மைலுக்கு அப்பால் இருந்த ஒரு க்ஷேத்திரத்தை ஒரு நாள் நடையில் கொண்டுவந்து வைத்தான். பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர் யாராயிருந்தாலும், அவர் காலில் தான் விழுந்து வணங்குவதாக அவன் கல்லிலே எழுதி வைத்திருக்கிறான். முடிசூடிய மன்னன் ஒருவன், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவனை முன்கூட்டி நமஸ்கரிக்கிற அந்த வாசகத்தைப் போல மனத்தை உருக்குகிற சாசனம் ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவன் தொடங்கிய ராஜகோபுரம் பின்னால் இடிந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. என் பிராயத்தவர்கள் எல்லோரும் அதைப் பிளந்த முடியோடுதான் பார்த்திருக்கிறோம். ஒன்பது நிலைகளும் ஏறத்தாழ 180 அடி உயரமுமாக அது மறுபடி எழும்பி, 1990-இல் குடமுழுக்குக் கண்டது. மேலேற முடியாதவர்களும் அதன் வாசலில் நின்று ஒரு சுகத்தை அநுபவிக்கலாம். கோபுர வாசலை நெருங்கும்போது மேற்கேயிருந்து வருகிற பொதிகைக் காற்று மார்பில் மோதித் தள்ளும். வாசலைக் கடந்து உள்ளே போகப் போக அதே காற்று முதுகுப்புறம் வந்து முன்னே செலுத்தும். கல்லாலே காற்றுக்கு வழி வகுத்த அந்தச் சிற்பியின் பெயர் நமக்குத் தெரியவில்லை.

ரயில் வருவதற்கு முந்திய யாத்திரிகன் எப்படி வந்தான்? மதுரையிலிருந்து தெற்கே வருகிற சாலைக்கு இன்றளவும் மங்கம்மாள் சாலை என்றே பெயர் வழங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரனுக்காக ராஜ்யத்தை நடத்திய ராணி மங்கம்மாள், சாலையின் இருமருங்கும் மரங்களை வைத்து, சத்திரங்களும் கிணறுகளும் ஏற்படுத்தினாள் என்று தென்பாண்டி ஜனங்கள் நன்றியோடு சொல்லி வருகிறார்கள். அரசு செய்தது அவ்வளவு. மிச்சத்தை ஊரார் செய்தார்கள். வெயில் காலத்தில் நீர்மோரும் பானகமும் வைத்துக் காத்திருந்த தண்ணீர்ப்பந்தல்கள் ஒருபுறம் இருக்கட்டும். சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள்: ஆள் உயரத்தில் இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்த அந்த எளிய அமைப்பு, தலைச்சுமைக்காரன் குனியாமல், பிறர் உதவியை நாடாமல், தானாகவே சுமையை இறக்கி வைக்கவும், இளைப்பாறியபின் தானாகவே தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் ஏற்பட்டது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் அதை நாட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, வழியே போகிற எவனோ ஒருவன் இறக்கி வைத்து ஆறட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். தார்ச் சாலை அகலமாகும்போது முதலில் பெயர்த்தெறியப்படுவது இந்தக் கற்கள்தான் என்பதைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு வேகிறது.

சத்திரத்தின் பெருமைக்குச் சாட்சி தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து, நிலையங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் போதும். தென்காசிக்குச் சற்று முன்பாகப் பாவூர்ச்சத்திரம் என்று ஒரு நிலையம் வரும். வழிப்போக்கன் படுத்துறங்கிப் போன ஒரு திண்ணை, ஊராகி, சந்தையாகி, ரயில் நிலையமாகி நிற்கிறது. மூன்று நாள் தங்கலாம், அதற்கு மேல் கூடாது. அரிசி பருப்பு கொண்டுவந்தால் அடுப்பு உண்டு. ஒன்றும் கொண்டுவராதவனுக்குக் கஞ்சி உண்டு என்பது போன்ற கட்டளைகளோடு, நிலமும் எழுதிவைத்து நடந்துவந்த இந்தச் சத்திரங்களை வெறும் இலவச விடுதிகள் என்று நினைத்துவிடக் கூடாது. வழிப்போக்கனை ஊரின் விருந்தாளியாகக் கொள்ளும் ஒரு தர்மம் அவற்றில் உயிரோடு இருந்தது. எல்லாச் சத்திரங்களும் எல்லா ஜாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மழை இரவில் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இதே வழியில் நடந்தார்கள். கோயிலுக்குள் போக முடியாத அவர்களுக்கும் அருவி மட்டும் வேலி இல்லாத தீர்த்தமாக விழுந்துகொண்டிருந்தது.

குற்றாலத்தை வந்து அடைந்தவனுக்கு வழிகாட்டி யார்? 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரையில் முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆண்ட நாளில், பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். அதில் வருகிற குறத்தி தன் மலையைத் தலைவிக்கு வர்ணித்துக் காட்டுகிற இடத்தைப் படிக்கிறவர்களுக்கு வேறொரு வழிகாட்டி நூல் வேண்டுவதில்லை. எந்த விலங்கு எங்கே நடமாடும், எந்தக் கிழங்கு எங்கே அகப்படும், தண்ணீர் எப்படி ஓடும் என்பதையெல்லாம் அறிந்தவள் அவள். தான் வாழ்கிற மலையையே அவள் காட்டுகிறாள். நூலை மெச்சி நாயக்கர் கவிராயருக்கு அளித்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். அவருக்கும் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு ஞானசம்பந்தர் இங்கே வந்து, குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், கோயிலின் தல விருக்ஷமாகிய குறும்பலாவுக்கு ஒரு பதிகமுமாகப் பாடியிருக்கிறார். மரம் ஒன்றே தனியே பதிகம் பெற்ற இடங்கள் அபூர்வம்.

காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது பேரருவியை அன்று, சித்திர சபையை. சங்கின் வடிவத்திலே அமைந்த குற்றாலநாதர் கோயிலைச் சுற்றிக் கும்பல் நெருக்கியடிக்கும் நாளிலும், கோயிலுக்கு வடக்கே தனித்து நிற்கிற அந்த மண்டபத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். நடராஜப் பெருமானுடைய ஐந்து சபைகளில், தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், ஆலங்காட்டில் ரத்தினம் என்று சொல்லி வருகிறவர்கள், குற்றாலத்துக்கு வரும்போது உலோகத்தையும் மணியையும் விட்டுவிட்டுச் சித்திரம் என்று சொல்கிறார்கள். இங்கே ஆடவல்லான் சுவரிலே வர்ணமாக இருக்கிறான். சுற்றுச் சுவர்களிலும் மூலிகைச் சாயத்தில் தெய்வங்களும் கதைகளும் நிறைந்திருக்கின்றன. மார்கழித் திருவாதிரையில் உற்சவ மூர்த்தி இந்தச் சபைக்கு எழுந்தருளுவார். ஈர வேஷ்டியோடு வந்து, கண் இருட்டுக்குப் பழகும் மட்டும் சற்றுப் பொறுத்து நின்று பார்க்கிறவனுக்கு அந்தச் சுவர்கள் மெல்ல மெல்லத் தம்மைக் காட்டிக் கொடுக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைச்சரிவில் ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தார்கள்; தாவர சாஸ்திரியான ராபர்ட் வைட் 1830-களில் இங்கே செடிகொடிகளைச் சேகரித்தார்; வெள்ளைக்கார அதிகாரிகள் பங்களாக்களில் வந்து பருவத்தைக் கழித்தார்கள்; திருவாங்கூர் மகாராஜாவுக்கும் இங்கே அரண்மனை இருந்தது. அவர்கள் விட்டுப்போன மங்குஸ்தானும் ஜாதிக்காயும் இன்றும் சாலையோரக் கூடைகளில் வந்து உட்காருகின்றன. அதற்கு மேல் அவர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை.

கப்பலுக்குத் திரும்புகிறேன். 1876-இல் ரயில் தூத்துக்குடியை எட்டிய பிறகு, கொழும்புக்கும் இந்தியாவுக்கும் பிரதானமான வாசல் அந்தத் துறையே ஆயிற்று. 1914-இல் பாம்பன் பாலம் முடிந்து தனுஷ்கோடி வழி திறக்கும் வரையில், சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். கரையோரக் கடல் ஆழமில்லாதது. கப்பல் சில மைல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க, படகுகள் போய் ஆட்களை இறக்கி வர வேண்டும். கொழும்பிலிருந்து வந்து இறங்கிய மேனாட்டுப் பிரயாணிகள் பெரும்பாலும் நேரே மதுரைக்கு ரயிலேறி, மீனாட்சி கோயிலைப் பார்த்துவிட்டு வடக்கே போய்விட்டார்கள். ஆனால் அதே படகில், தகரப் பெட்டியும் மூட்டையுமாக இறங்கினவர்கள் வேறு ஒரு கூட்டத்தார் உண்டு. கொழும்புக் கடைகளில் கணக்கெழுதியும், சரக்குக் கட்டியும், மலைத் தோட்டங்களில் உழைத்தும் இரண்டு வருஷம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் பார்க்க வருகிற திருநெல்வேலிக்காரர்கள் அவர்கள். அவர்களுக்குக் கப்பல் கட்டணம் என்பது இலேசான விஷயமன்று. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்து, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து விட்டபோது, எதிர்த் தரப்பு ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியது. கடைசியில் ஆங்கிலக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையையும் கொடுக்க முன்வந்தது என்று சொல்வார்கள். அந்தப் போட்டியில் ஏழைப் பிரயாணி சில மாதம் மலிவாகக் கடல் கடந்தான்; அதற்கான விலையைச் சிதம்பரம் பிள்ளை 1908-லிருந்து சிறையில் செக்கிழுத்துக் கொடுத்தார். குடைக்கு ஆசைப்படாமல் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினவர்களின் பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லையே என்று நான் ஏங்கியதுண்டு.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே ரயில் பாதை 1902-இல் கல்லிடைக்குறிச்சி வரையிலும், 1903-இல் செங்கோட்டை வரையிலும் நீண்டது. 1904 நவம்பரில் மலையைக் குடைந்து கொல்லத்தோடு சேர்ந்தது. கொல்லத்துப் பக்கத்தில் ஓட வேண்டிய முதல் எஞ்சின், பாகம் பாகமாகக் கழற்றப்பட்டுத் தூத்துக்குடியிலிருந்து கடல் மார்க்கமாகக் கொல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இரண்டு துறைமுகங்களையும் இணைக்க வந்த எஞ்சின், அந்த இரண்டுக்கும் இடையே முதலில் கடல் வழியாகவே போனது பொருத்தந்தான். கழுத்துருட்டிக்கு அருகே பதின்மூன்று வளைவுகளோடு நிற்கிற கற்பாலத்தை இன்றைக்கும் ரயிலிலிருந்தும் சாலையிலிருந்தும் பார்க்கலாம். திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் நேரான ரயில் வழி நெடுங்காலம் இதுவே. இரண்டு இரவு கட்டை வண்டியில் குலுங்கிக்கொண்டு வந்தவனை மூன்றாம் வகுப்புப் பெட்டி அரை நாளில் கொண்டுவந்து விட்டது. சத்திரங்களுக்குத் தேய்பிறை தொடங்கியதும் அப்போதுதான். இரவு தங்க வேண்டிய அவசியமே இல்லாமல், காலையில் வந்து மாலையில் திரும்புகிற புதிய ஜாதி யாத்திரிகன் ஒருவன் பிறந்துவிட்டான்.

அந்த ரயிலில் என் பாட்டியோடு நான் முதன்முதலாகப் போனபோது எனக்கு ஏழு வயது. விடியற்காலத்தில் கட்டிய புளியோதரை ஓலைக் கொட்டானுக்குள் கமகமத்துக்கொண்டிருந்தது. நல்லெண்ணெய் ஒரு தூக்குச் செம்பில், மூடியைச் சுற்றித் துணி கட்டியபடி, அவள் மடியை விட்டு இறங்கவே இல்லை. கரித்தூள் கண்ணில் விழுகிறதென்று எத்தனை தரம் சொன்னாலும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் பெட்டியிலிருந்த எல்லோரும் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். மலையின் கரும்பச்சையில், சுண்ணாம்பால் இழுத்த கோடு போல, வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது. "விழுதா பாட்டி?" என்று கேட்டேன். "விழுதுலே, நல்லா விழுது" என்று சொல்லி அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். குற்றாலத்துக்குப் போகிறவன் கேட்கிற கேள்வியும் அதுதான், வருகிறவன் சொல்கிற பதிலும் அதுதான்: தண்ணீர் விழுகிறதா? பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அருவிக்கரையில் அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறையை இன்றுவரை மாற்றாமல் பின்பற்றுகிறேன். "மண்டைய நேரே கொண்டு நீட்டாதலே, மூச்சு முட்டும். மொதல்ல முதுகக் குடு, பொறவு தோளக் குடு, கடைசிலதான் தலை" என்றாள். முதுகைக் கொடுத்தேன். யாரோ பத்துப் பேர் சேர்ந்து அடிப்பது போலிருந்தது. அடிக்க அடிக்க வலி போய், சத்தமும் போய், நான் என்கிற நினைவே கழன்றுபோனாற்போல ஒரு நிலை வந்தது. கண்ணைத் திறந்தபோது, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், ஈரப் பாறையில் செதுக்கிய சிறிய சிவலிங்கம் ஒன்று தண்ணீருக்குள்ளே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. பூஜை, நைவேத்தியம், மணியோசை ஒன்றும் இல்லாமல், இடைவிடாத அபிஷேகத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு எத்தனை நூற்றாண்டாகவோ இருக்கிற அந்தக் கல் லிங்கங்களை, குளிக்கிறவனைத் தவிர வேறு யாரும் அருகில் பார்க்க முடியாது. எனக்கு இடப்புறம் மல் வேஷ்டி கட்டிய பண்ணையார் ஒருவர் நின்றார். வலப்புறம் கோவணாண்டி ஒருவன் நின்றான். தண்ணீர் இருவரையும் ஒரே மாதிரிதான் அடித்தது.

அந்த நாளில் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. 1956 நவம்பர் 1 வரையில் அது திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது; குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ராஜ்ய எல்லை. எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் போய்த் தலைமுறைகள் கழிந்தும், பிரானூரைப் பார்டர் என்றுதான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே பரோட்டாக் கடைகளில் கூட்டம் மொய்க்கும் நடு இரவிலும், அந்தப் பெயர் எதனால் வந்தது என்று கேட்கிற பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எந்நாளும் விருந்துக்குக் கதவு திறந்திருந்த வீடு ஒன்றும் குற்றாலத்தில் இருந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தை இங்கே கழித்து, 1954-இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கிய வீடு என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். கம்பன் பாட்டு ஒன்றைக் கேட்க வேண்டும் என்ற ஆசை ஒன்றையே கைமுதலாகக் கொண்டு வந்த இளைஞர்களும் அங்கே இலை போட்டு உபசரிக்கப்பட்டார்கள். சத்திர தர்மம் கடைசியாக ஒரு தனி மனிதர் வீட்டில் குடியிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கொச்சிக்கும் சென்னைக்கும் உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்கிற கட்டணச் சுற்றுலாவை வேண்டாமென்று ஒதுக்கி, தானாக ஊர் பார்த்துத் திரும்ப நினைக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. கொச்சியிலிருந்து ஒரே நாளில் குற்றாலம் வந்து திரும்ப நினைப்பது வீண் சிரமம். தூத்துக்குடியிலோ கொல்லத்திலோ கால் வைக்கிறவனுக்கு மட்டும் அது இயலும். கொல்லம் பாதை அகலப்பாதையாகி 2018-இல் மறுபடி திறந்திருக்கிறது, தூத்துக்குடிக்காரன் திருநெல்வேலி வந்து செங்கோட்டை ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் ரயிலின் நேரத்தை அறிந்துகொள்வதற்கு முன்னால் கப்பலின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திராது. தென்காசியில் இறங்கி, முதலில் கோயிலையும் கோபுரக் காற்றையும் கண்டு, அங்கிருந்து குற்றாலத்துக்கு நகரப் பேருந்தில் போகலாம். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவுக்கு மேலே வந்துவிட்டால் காவலர்கள் யாரையும் அண்ட விடமாட்டார்கள். அவர்களோடு வாதாடாமல் ஐந்தருவிக்கோ புலியருவிக்கோ போய்விட வேண்டும். எண்ணெயும் சோப்பும் இப்போது அருவிக்கரையில் தடுக்கப்பட்டிருக்கின்றன. பாட்டியின் தூக்குச் செம்பை எண்ணி எனக்கு வருத்தம்தான்; ஆனாலும் சிற்றாற்றை நம்பிக் கீழே எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, தடை நியாயமானது. செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் ஏறுகிற காட்டுவழி வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதுவும் நல்லதே. இரவு தங்க இடம் தேடுகிற ஏழைக்குத்தான் இன்று வழி அடைபட்டுவிட்டது. ஆனி ஆடியில் விடுதிகள் கேட்கிற வாடகையை நாலு பேர் கொண்ட ஒரு கூலிக் குடும்பம் கொடுக்க முடியாது. அவர்கள் வேனிலேயே சுருண்டு படுத்துவிட்டுக் காலையில் போகிறார்கள். சத்திரத்துக்கென்று எழுதிவைத்த நிலங்கள் நாடெங்கும் எங்கே போயின என்று கேட்பார் இல்லை.

என் பாட்டியின் தமையனார் கொழும்பில் புறக்கோட்டைக் கடை ஒன்றில் கணக்கெழுதினவர். பாதை போட்ட புதிதில், விடுமுறைக்கு வந்து தூத்துக்குடியில் இறங்கினால், வீட்டுக்குப் போகுமுன் குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவாராம். "கப்பல் உப்பை அருவியில கழுவிட்டுத்தான் எங்க அண்ணன் வீட்டு வாசப்படி மிதிப்பான்" என்று பாட்டி சொல்வாள். அவருடைய சிட்டைப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கணக்கெழுதிப் பழகின கை. பிரயாணச் செலவை ஒரு பைசா விடாமல் எழுதியிருக்கிறார். தொகைகளின் மை மங்கிவிட்டது, இனங்களைப் படிக்க முடிகிறது: படகுக் கூலி, ரயில், காப்பி, நல்லெண்ணெய், வாழைப்பழம், உண்டியல், தங்கச்சிக்கு வளையல், திரும்ப ரயில். நல்லெண்ணெய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே ஒரு வரியில் 'குளித்தது' என்று எழுதி, எதிரே தொகை எழுதுகிற இடத்தில் ஒரு சிறு கோடு இழுத்திருக்கிறார்.